"எல்லாமே நான்தான் பாத்துக்கிட்டேன்": வேலை தேட, உயர, துறை மாற ஒரு முழுமையான வழிகாட்டி

நேர்காணல் மேசையில் ஆள் எடுக்கும் பக்கம் நான் முதன்முதலில் உட்கார்ந்த நாள். வந்தவருக்கு எட்டு வருட அனுபவம். நிதானமான பேச்சு, துறையைப் பற்றி நல்ல தெளிவு. "போன வேலையில நீங்க செஞ்சதுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டேன். "எல்லாமே நான்தான் சார் பாத்துக்கிட்டேன்" என்றார். இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான். என் கையிலிருந்த மதிப்பெண் தாளில் 'உதாரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'எல்லாமே' என்று எழுத முடியாது. கட்டம் காலியாகவே இருந்தது. வேலை, அவரைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்குப் போனது.

அவர் உழைத்தவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாட்சி இல்லாமல் வந்துவிட்டார். வேலை தேடுவது, பதவி உயர்வு கேட்பது, துறை மாறுவது என எதுவானாலும் முன்பின் தெரியாத ஒருவரிடம் "இதைச் செய்தேன், இதோ பாருங்கள்" என்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியை எப்படிச் சேர்ப்பது, எங்கே வைப்பது, எப்போது எடுத்துக் காட்டுவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: வேலையில் இருக்கும்போதே ஒரு குறிப்பேடு

தேட ஆரம்பித்த பிறகு ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால், மூன்று வருட உழைப்பில் மூன்று விஷயம்கூட நினைவுக்கு வராது. அதனால் இந்த வாரமே தொடங்குங்கள். வாரக் கடைசியில் பத்து நிமிடம் போதும். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்த வாரம் என்ன சிக்கல் வந்தது? அதில் நான் செய்தது என்ன? முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? இதை நேரில் பார்த்தவர் யார்?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். நாளைக்கு உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லப்போகிறவர் அந்த ஆள்தான்.

"என் வேலையில் எண்ணே கிடையாதே" என்பார்கள். விற்பனையில் இருப்பவருக்கு இலக்கு உண்டு, வரவேற்பறையில் இருப்பவருக்கு என்ன எண்? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அழைப்புகளை எடுத்தீர்கள், காத்திருப்பு நேரம் எவ்வளவு குறைந்தது என்று தேடினால் கிடைக்கும். உண்மையிலேயே கிடைக்காவிட்டால் முன்–பின் எழுதுங்கள்: "முன்பு புகார்கள் துண்டுச்சீட்டுகளில் கிடந்தன. நான் வந்தபின் ஒரே பதிவேட்டுக்கு மாறின." இதுவும் சாட்சிதான்.

படிப்பை முடித்து இன்னும் வேலைக்கே போகாதவருக்கும் இதே முறைதான். புராஜெக்டில் நீங்கள் எழுதிய பகுதி, ஒரு நிகழ்ச்சிக்குக் கணக்குப் பார்த்தது, தன்னார்வமாகச் சொல்லிக்கொடுத்தது எல்லாமே இந்தக் கேள்விகளுக்குள் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. குறிப்பேடு உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர், உள்விலை, நிறுவனத்தின் கோப்புகள் எதுவும் அதில் வரக்கூடாது.

இரண்டாம் படி: விளம்பரங்களைச் சலித்துப் படிப்பது

விரும்பும் பதவியின் பெயரை ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டு, இருபது விளம்பரங்களைச் சேருங்கள். விண்ணப்பிக்க அல்ல, படிக்க. ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் திறன்களை ஒரு தாளில் எழுதி, திரும்ப வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பதினைந்தில் வருவது அடிப்படைத் தேவை. இரண்டில் மட்டும் வருவது அந்த மேனேஜரின் ஆசை. என்ன படிக்க வேண்டும், எந்தக் கோர்ஸில் பணத்தைப் போடக்கூடாது என்பது இந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும்.

விளம்பரம் பெரும்பாலும் ஆசைப்பட்டியல்தான். கேட்டதெல்லாம் இருக்கிற ஆள் கிடைப்பது அபூர்வம், அது எழுதியவருக்கும் தெரியும். பொறுப்புகள் பகுதியின் முதல் மூன்று வரிகளில் நிஜமான தலைவலி இருக்கும். அந்த மூன்றுக்கும் உங்களிடம் சாட்சி இருந்தால், கீழே உள்ள பட்டியலில் பாதி இல்லாவிட்டாலும் விண்ணப்பியுங்கள். சட்டப்படி கட்டாயமான உரிமம், பட்டம் போன்றவை மட்டும் விதிவிலக்கு.

மூன்றாம் படி: ரெஸ்யூமே

1482-ஐ ஒட்டி, முப்பது வயது லியனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. அதில் சுலபமாகத் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், அகழியின் நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், கவச வண்டிகள் என்று வரிசையாக எண்ணிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். ஓவியமும் வரைவேன் என்பது இறுதிப் பகுதியில்தான் வருகிறது. ஸ்ஃபோர்ஸாவுக்கு அன்று இருந்தது போர்க்கவலை. எழுதியவர் தன் பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, படிப்பவரின் கவலையிலிருந்து தொடங்கினார். ரெஸ்யூமே எழுத இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

2018-ல் லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. முதல் பார்வைக்குக் கிடைத்தது சராசரியாக 7.4 விநாடி. அந்த நேரத்தில் கண் அதிகம் போவது பதவிப் பெயர்கள் போன்ற தலைப்புகளின் மேல்தான். ஆகவே பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை வீணாக்காதீர்கள். "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்ற நோக்க வாசகத்தைத் தூக்கிவிடுங்கள். அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

என் பழைய ரெஸ்யூமேயிலிருந்தே ஒரு வரியைக் காட்டுகிறேன்:

"கிடங்குப் பதிவுகளைப் பராமரித்தல் மற்றும் குழுவினருடன் ஒருங்கிணைந்து செயல்படுதல்."

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். குறிப்பேட்டைப் புரட்டிய பிறகு அது இப்படி மாறியது:

"இருப்புக் கணக்கில் வரும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு எக்ஸெல் ஷீட் அமைத்தேன். மூன்று நாள் இழுத்த மாத முடிவு வேலை ஒரே நாளில் முடிந்தது. மற்ற இரண்டு கிளைகளும் அதையே எடுத்துக்கொண்டன."

என்ன செய்தேன், என்ன மாறியது, வேறு யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பது மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டது. சமீபத்திய வேலைக்கு இப்படி நான்கைந்து, பழைய வேலைக்கு ஒன்றிரண்டு போதும்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக: ஒரு பக்கம், அனுபவம் அதிகமென்றால் இரண்டு. பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே நெடுவரிசை. அட்டவணை, படம், திறமைக்கு நட்சத்திரம் போடுவதெல்லாம் வேண்டாம். பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை மென்பொருள் வழியாகத்தான் வாங்குகின்றன, இந்த அலங்காரங்களில் அது தடுமாறும். "ரோபோதான் என்னை நிராகரித்தது" என்ற புலம்பலில் பெரும்பகுதி மிகை. உண்மையில் ஆளை வெளியேற்றுவது பெரும்பாலும் படிவத்தில் வரும் ஆம்–இல்லை கேள்விகள். அவற்றை அவசரத்தில் தட்டாதீர்கள்.

ஏஐ கருவியிடம் எழுதச் சொல்லலாமா? பிழை பார்க்கச் சொல்லுங்கள், சுருக்கச் சொல்லுங்கள். முழுதாக எழுதச் சொன்னால் அடுத்த விண்ணப்பதாரரின் ரெஸ்யூமேயும் உங்களுடையதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எந்த வரியை எழுதினாலும் அதைப் பற்றி ஐந்து நிமிடம் நிற்காமல் பேச முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அரைகுறையாகத் தெரிந்தவர்கள்

நான் துறை மாற முயன்றபோது நூற்று நாற்பது விண்ணப்பங்கள் அனுப்பினேன். மூன்று அழைப்புகள் வந்தன, மூன்றும் முதல் சுற்றோடு நின்றன. வேலை வந்த வழி வேறு. இரண்டு வருடம் முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். என் பெயரே அவருக்கு நினைவில்லை. "அந்த ஸ்டாக் ஷீட் காட்டுனது நீங்கதானே?" என்று கேட்டார். ஆளை மறந்தவர் ஷீட்டை மறக்கவில்லை.

இது என் அதிர்ஷ்டம் மட்டுமில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். அவ்வப்போது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. சின்ன ஆய்வுதான். ஆனால் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் வைத்துச் செய்த சோதனைகளின் முடிவு 2022-ல் வந்தபோதும், நெருங்கியவர்களைவிட ஓரளவே பழக்கமுள்ளவர்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்றே தெரிந்தது. காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம் வேறு வட்டத்தில் இருப்பதால் அங்கிருந்து வரும் செய்தி புதியது.

அதனால் உட்கார்ந்து முப்பது பெயர் எழுதுங்கள். பழைய சக ஊழியர்கள், வேறு கிளையில் இருந்தவர்கள், உங்களிடம் பொருள் வாங்கியவர்கள், கூடப் படித்து இப்போது பேச்சில்லாதவர்கள். குறிப்பேட்டில் "பார்த்தவர் யார்" என்ற இடத்தில் எழுதிய பெயர்கள் முதலில் வரட்டும். வாரத்துக்கு ஐந்து பேருக்கு எழுதுங்கள். "வேலை இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் "கண்டிப்பா சொல்றேன்" என்ற பதில்தான் வரும், கதை அதோடு முடியும். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். இரண்டு வருடம் முன்பு பயிற்சியில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். கிடங்குக் கணக்கிலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாற முயல்கிறேன். உங்கள் குழுவில் அந்த வேலை நாள்தோறும் எப்படிப் போகிறது என்று பதினைந்து நிமிடம் கேட்டுக்கொள்ள முடியுமா? புதன் அல்லது வியாழன் மாலை எனக்கு வசதி."

கேட்பது சின்னது, எல்லை தெரிந்தது, பதில் சொல்ல எளிது. பேசும்போது சொன்ன நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக "இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?" என்று கேளுங்கள். முப்பது பெயர் ஐம்பதாவது இந்தக் கேள்வியால்தான். ரெஃபரல், அதாவது தன் நிறுவனத்தில் உங்களைப் பரிந்துரைக்கும்படி, கேட்பதானால் குறிப்பிட்ட காலியிடத்தின் இணைப்பு, ரெஸ்யூமே, அவர் அப்படியே ஒட்டி அனுப்பக்கூடிய மூன்று வரி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். உதவி செய்பவருக்கு வேலை வைக்கக்கூடாது.

கூச்சமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. இரண்டு பேர் பதிலே போடவில்லை. அதோடு உலகம் நின்றுவிடவில்லை.

ஐந்தாம் படி: விண்ணப்பிக்கும்போது

ஒரு ஷீட்டில் நிறுவனம், பதவி, தேதி, யார் மூலம், அடுத்து என்ன என்று எழுதிவையுங்கள். விளம்பரத்தை முழுதாகச் சேமித்துவையுங்கள், நேர்காணல் நேரத்தில் அது தளத்திலிருந்து போயிருக்கும். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

வேலை தருவதாகச் சொல்லி யாராவது பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கணினிக்கு முன்பணம் என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நேர்காணலே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வந்தாலும், வங்கி விவரத்தை அவசரப்படுத்திக் கேட்டாலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

ஆறாம் படி: நேர்காணல்

ஒரே கேள்விகளை எல்லோரிடமும் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல்தான் ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைக் கணிப்பதில் முன்னணியில் நிற்கிறது என்று 2022-ல் வெளியான ஒரு பெரிய மறுஆய்வு சொன்னது. பல நிறுவனங்கள் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. நான் முதலில் சொன்ன 'உதாரணம்' கட்டம் அப்படி வந்ததுதான். எதிரே இருப்பவர் உங்களை ரசிக்க உட்காரவில்லை. கட்டத்தை நிரப்ப ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறார். நிரப்பிக் கொடுங்கள்.

குறிப்பேட்டிலிருந்து ஆறு சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒருவரோடு கருத்து வேறுபட்டது, தவறு செய்து திருத்தியது, நேர நெருக்கடி, புதிதாகக் கற்றது, யாரும் சொல்லாமலே முன்வந்து செய்தது. கேள்வி எப்படி வந்தாலும் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்று பொருந்தும். ஒவ்வொன்றையும் நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். போனில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஒன்றரை நிமிடத்தை நிலைமையிலேயே செலவழித்துவிட்டு, செயலை "அப்புறம் சரி பண்ணிட்டோம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அந்த "சரி பண்ணிட்டோம்"-இல் நீங்கள் பண்ணியது எது என்பதற்குத்தான் மதிப்பெண். அடக்கமாகப் பேச வளர்க்கப்பட்டவர்களுக்கு 'நான்' என்ற சொல் தொண்டையில் சிக்கும். குழுவைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, "அதில் என் பங்கு இது" என்று தொடங்கினால் பெருமையடிப்பதுபோல் இருக்காது.

தவறைப் பற்றிக் கேட்டால் உண்மையான தவறைச் சொல்லுங்கள். "நான் ரொம்ப பெர்ஃபெக்‌ஷன் பார்ப்பேன், அதுதான் என் பலவீனம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அலுத்துவிட்டது.

நீங்கள் கேட்க இரண்டு கேள்விகள் கையில் இருக்கட்டும். "இந்த இடம் ஏன் காலியானது?" "ஆறு மாதம் கழித்து, சரியான ஆளைத்தான் எடுத்தோம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில், சேர்ந்த பிறகும் தெளிவு வராது.

ஏழாம் படி: சம்பளம், ஆஃபர்

தொகையை முதலில் அவர்கள் சொல்லட்டும். வற்புறுத்தினால், அதே பதவிக்குச் சந்தையில் உள்ள வீச்சைச் சொல்லி, அதன் மேல்பாதியில் உங்களை வையுங்கள். பழைய சம்பளத்தோடு இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவது, முன்பு குறைவாக வாங்கியவரை என்றைக்கும் குறைவிலேயே வைத்திருக்கும்.

ஆஃபர் வந்ததும் நன்றி சொல்லி, ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். பிறகு ஒரே தடவை, காரணத்தோடு கேளுங்கள்: "நீங்கள் சொன்ன முதல் இரண்டு பொறுப்புகளை ஏற்கெனவே செய்திருக்கிறேன், அதனால் இந்தத் தொகையை எதிர்பார்க்கிறேன்." சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் "பரவாயில்லை, குறைச்சலா இருந்தாலும் ஓகே" என்று தானே இறங்கிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் அசையாவிட்டால் பதவிப் பெயர், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள், சம்பளத்தை மறுபடி பார்க்கும் தேதி இவற்றைக் கேட்கலாம். எது ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வரட்டும். கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள்.

ராஜினாமா கொடுத்ததும் பழைய இடம் கூட்டித் தருகிறேன் என்று பிடித்து நிறுத்தப் பார்க்கும். போகக் காரணம் சம்பளம் மட்டும்தானா என்று அன்றைக்கு இரவு யோசியுங்கள். மேனேஜர்தான் காரணமென்றால், கூட்டிய சம்பளத்தோடு அதே மேனேஜர்தான் இருப்பார்.

எட்டாம் படி: இருக்கும் இடத்திலேயே உயர்வது

பதவி உயர்வு, நீங்கள் இல்லாத ஓர் அறையில் முடிவாகிறது. உங்கள் சார்பில் அங்கே பேசுபவர் உங்கள் மேனேஜர், அவருக்கு உங்கள் வருடத்தில் கடைசி இரண்டு மாதம்தான் நினைவிருக்கும். மதிப்பீட்டுக்கு ஒரு மாதம் முன்பே, குறிப்பேட்டிலிருந்து அரைப் பக்கம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அதற்கும் முன்பே, வருடத் தொடக்கத்தில், "அடுத்த நிலைக்கு என்னிடம் என்ன குறைகிறது?" என்று கேட்டு, அவர் சொன்னதை மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். "பாப்போம்" என்ற பதிலே இரண்டு வருடம் வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்பலாம்.

மேனேஜராவது மட்டும் உயர்வு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைக் குழுக்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு அதிகம் கிடைத்தது, ஆனால் அவர்கள் மேலாளரான பிறகு அவர்களின் குழுக்கள் ஒப்பீட்டளவில் பின்தங்கின. வேறு வேலை, வேறு திறமை. புதிதாக வந்த ஒருவருக்கு ஆறு மாதம் வழிகாட்டிப் பாருங்கள். அது பிடிக்கவில்லையென்றால், மேனேஜராகாமல் நிபுணராகவே உயரும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: துறை மாறுவது

ஒரே தாவலில் செய்யும் வேலையையும் துறையையும் சேர்த்து மாற்ற நினைப்பதால்தான் பலர் நடுவில் விழுகிறார்கள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றதை எடுத்து வையுங்கள். செவிலியர் ஒருவருக்கு மென்பொருள் துறைக்குப் போக ஆசையென்றால், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் பயனர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்குப் போகலாம். துறையறிவு அங்கே செல்லும், வேலை மட்டும் புதிது. அங்கிருந்து இரண்டு வருடத்தில் அடுத்த அடி. ஆசிரியர் ஒருவர் இணையப் பாடங்களை வடிவமைக்கும் பக்கம் போவதும் இதே கணக்குத்தான்.

வேலையை விடுவதற்கு முன், புதிய வேலையின் ஒரு துண்டைச் செய்து பாருங்கள். மாலை நேரங்களில் ஒரு சின்ன புராஜெக்ட், அல்லது இருக்கும் அலுவலகத்திலேயே அந்தக் குழுவுக்கு ஒரு உதவி. நான் அப்படித்தான் மூன்று அறிக்கைகள் செய்து கொடுத்தேன். சான்றிதழைவிட அந்த மூன்று அறிக்கைகளைப் பற்றித்தான் நேர்காணலில் அதிகம் கேட்டார்கள். செய்து பார்த்ததில் சலிப்புத் தட்டினால் அதுவும் லாபம்தான், இரண்டு வருடம் மிச்சம். தொடக்கத்தில் சம்பளம் குறையலாம். அதனால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகு கிளம்புவது நல்லது. இடைவெளி விழுந்திருந்தால் ஒளிக்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் செய்ததைக் காட்டுங்கள்.

பத்தாம் படி: கிளம்பும்போது

நோட்டீஸ் காலத்தில் கையில் இருக்கும் வேலைகள், யாரிடம் எது நிற்கிறது, எந்தக் கோப்பு எங்கே என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். பின்னாளில் உங்களைப் பற்றி விசாரிக்கும்போது அந்த இரண்டு பக்கம்தான் பேசப்படும். சாட்சி சொல்லக்கூடிய மூன்று பேரிடம் நேரில் போய் "என் பெயர் வந்தால் பேசுவீர்களா?" என்று கேட்டு, சொந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாள் எந்த நேரத்திலும் மூடப்படலாம். ஆகவே சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் போன்ற உங்கள் சொந்த ஆவணங்களை அதற்கு முந்தைய வாரமே எடுத்து வைத்துவிடுங்கள்.